கூப்பிட்டால் வரும் வீடுகள்

சிமெண்டுக் கம்பெனியை மூடி, கடைசிக் குடும்பம் வரைக்கும் சாமான் செட்டுகளை லாரியில் ஏற்றிக்கொண்டு போய், மின்வாரியத்துக்காரர்களும் வந்து டிரான்ஸ்பார்மரைக் கழற்றி எடுத்துக்கொண்ட பிறகு, காலனியில் இருந்த வீடுகள் ஒவ்வொன்றாக எங்கள் ஊருக்கு நடந்து வர ஆரம்பித்தன. அவை நடந்ததில் எங்களுக்குப் பெரிய ஆச்சரியம் இல்லை. ஆளும் இல்லாமல் விளக்கும் இல்லாமல் ஒரு வீடு எத்தனை நாள்தான் தனியாக நின்றுகொண்டிருக்கும்? ஆனால் போயும் போயும் எங்களைத் தேடி வந்ததுதான் வேடிக்கை, ஏனென்றால் காலனி செழிப்பாக இருந்த காலம் முழுக்க எங்களில் ஒருத்தரைக்கூட அவை உள்ளே விட்டதில்லை.

எங்கள் ஊர் ஓடைக்குறிச்சி. மண்ணுக்கு அடியில் சுண்ணாம்புக்கல் இருக்கிறது என்று யாரோ கண்டுபிடித்ததிலிருந்து எங்களுக்குப் பிடித்த சனி அது. கல் இருந்த இடத்தைச் சுரங்கத்துக்கு எடுத்துக்கொண்டார்கள், கல் இல்லாத கொல்லைகளைக் காலனி கட்ட எடுத்துக்கொண்டார்கள், எங்கள் பக்கம் புஞ்சை நிலத்தைத்தான் கொல்லை என்போம். பிறகு சுற்றிலும் சுவர் எழுப்பி, சுவருக்கு ஒரு இரும்புக் கேட்டு போட்டு, கேட்டுக்குப் பக்கத்தில் பாஸ் ஆபீஸ் என்று ஒரு சின்ன அறையும் கட்டினார்கள். பாஸ் இல்லாமல் உள்ளே போக முடியாது. நாங்கள் உழுத நிலத்தில் நாங்கள் கால் வைப்பதற்குப் பாஸ் வாங்க வேண்டும், பாஸ் கேட்டால் என்ன வேலை என்பார்கள், சும்மா பார்க்க என்றால் சிரிப்பார்கள்.

அப்பேர்ப்பட்ட காலனி, ஆளும் கரண்டும் போன பிறகு பட்ட பாட்டைப் பார்த்திருக்க வேண்டும். கரண்டு போன அன்றே மோட்டார் நின்றது, மோட்டார் நின்றதும் மேல்நிலைத் தொட்டி காய்ந்தது, தொட்டி காய்ந்ததும் குழாய்களுக்குள் பல்லி குடியேறியது, ஐப்பசி மழையில் மொட்டைமாடிச் சருகு தண்ணீரைத் தேக்கி வைக்க, தேங்கிய தண்ணீர் கூரையைக் குடைந்து இறங்க, இறங்கிய ஈரத்தில் காக்காய் எச்சத்திலிருந்து முளைத்த அரசங்கன்று குளியலறைச் சுவரைப் பிளந்துகொண்டு வெளியே எட்டிப் பார்த்தது. கிளப்பில் சீட்டாடுகிற மேசையைக் கரையான் எடுத்துக்கொண்டது, பள்ளிக்கூடக் கரும்பலகையில் குளவி கூடு கட்டியது. சுரங்கத்தில் இரவு பகலாக நீர் இறைத்த பம்புகள் நின்றுபோனதால் அந்தப் பெரிய பள்ளம் ஏரிபோல நிரம்பியது, ஆனால் அது சுண்ணாம்புத் தண்ணீர், வாயில் வைக்க விளங்காது, பயிரில் விட்டால் பயிர் கருகும். தெருவிளக்கடியில் படுத்துப் பழகிய நாய்கள் அதே கம்பத்தடியில் கொஞ்ச காலம் இருட்டில் படுத்துப் பார்த்துவிட்டு எங்கள் ஊருக்கு வந்து சேர்ந்தன. நாய்கள் போன வழியைத்தான் வீடுகளும் பிடித்தன.

அவை நடப்பதை நேராகப் பார்த்தவர்கள் குறைவு. ஆடு மேய்க்கிறபோது பார்த்தால் பனைமரத்தடியில் ஒரு வீடு நிற்கும், ஓடிப்போன ஆட்டைப் பிடித்துக்கொண்டு திரும்பினால் அதே வீடு மதகைத் தாண்டியிருக்கும். பஸ் வந்தால் ஓரமாக ஒதுங்கி வழி விடும். முதலில் வந்தவை தொழிலாளிகளின் ஒற்றை அறை வீடுகள், அவற்றுக்கு நடந்து பழக்கம்போல. பிறகு சூப்பர்வைசர் வீடுகள், அப்புறம் கிளப்பு, ஆஸ்பத்திரி. ஆபீசர் பங்களாக்கள் கடைசி வரை யோசித்துக்கொண்டு நின்றுவிட்டு, அக்கம்பக்கத்தில் ஒன்றும் மிச்சமில்லை என்றான பிறகு வெட்கத்தை விட்டுக் கிளம்பின. எல்லாமே எங்கள் ஊர் எல்லையில் இருக்கும் சுமைதாங்கிக் கல் வரைக்கும்தான் வரும். அதைத் தாண்டி யாராவது கூப்பிட்டால்தான் வரும்.

கூப்பிட்டது சௌந்தரவல்லி. அந்த எல்லைக்கல்லுக்குப் பக்கத்து வீடு அவளுடையது. ஒருநாள் காலையில் வாசல் தெளித்துவிட்டு நிமிர்ந்தவளுக்கு எதிரே ஒற்றை அறை வீடு ஒன்று, கதவு திறந்தபடி, விருந்துக்கு வந்த புது மாப்பிள்ளை மாதிரிக் கூச்சத்தோடு நின்றது. எங்கள் ஊரில் வாசலில் வந்து நிற்பது யாராக இருந்தாலும் முதலில் “வாங்க” என்று சொல்லிவிட வேண்டும். பெண்ணை அடித்துத் துரத்திய மாப்பிள்ளையின் அப்பன் வந்தாலும் வாங்க என்று சொல்லி, சொம்பில் தண்ணீர் கொடுத்து, அவர் குடித்துக் கீழே வைத்த பிறகுதான் சண்டையை ஆரம்பிப்போம். சௌந்தரவல்லிக்கும் அந்தப் பழக்கத்தில் வாய் முந்திக்கொண்டது. “வாங்க” என்றாள். வீடு உள்ளே வந்து அவள் மாட்டுக்கொட்டகைக்குப் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டது.

பஞ்சாயத்துத் தலைவர் இளவரசு ஓடி வந்தார்.

“யாரு இத உள்ள கூப்புட்டது?”

“வாயில வந்துருச்சுங்க” என்றாள் சௌந்தரவல்லி.

“வாயில வந்தா? போவச் சொல்லு.”

“வந்தவங்கள எப்புடிங்க போவச் சொல்றது? நீங்க சொல்லுங்க பாப்போம்.”

இளவரசு வீட்டைப் பார்த்து வாயைத் திறந்தார், மூடினார். அவரும் இதே ஊர்க்காரர்தானே. அன்றைக்கே ஆலமரத்தடியில் கூடிப் பேசி ஒரு கட்டுப்பாடு வைத்தோம்: யார் கூப்பிட்டார்களோ அவர்களே வைத்துக்கொள்ள வேண்டும், வேண்டாம் என்று பிறகு அடுத்தவர் தலையில் கட்டக் கூடாது.

அதற்குப் பிறகு ஊரில் “வாங்க” என்கிற வார்த்தையைப் பார்த்துப் பார்த்துச் செலவு பண்ணினோம். சம்பந்தி வீட்டார் வந்து நின்றால், அவர்களுக்குப் பின்னால் ஏதாவது வீடு நிற்கிறதா என்று எட்டிப் பார்த்துவிட்டுத்தான் வாங்க என்றோம். அதில் இரண்டு கல்யாணப் பேச்சு முறிந்தது. ஆனாலும் வாய் பழகிய வாய், ஆளுக்கொன்றாக வந்து சேர்ந்துகொண்டே இருந்தது. அந்த வீடுகள் பெரிதாக எதுவும் கேட்கவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். உள்ளே யாராவது பேசிக்கொண்டிருந்தால் போதும். பேச்சில்லாத வீட்டில் சுவர்க் காரை உதிர்ந்தது, பேச்சு கேட்டதும் நின்றது. சௌந்தரவல்லி தனக்கு வந்த வீட்டில் மாட்டைக் கட்டினாள், மாடு பேசாது என்பதால் தினமும் போய் மாட்டோடு இவள் பேசினாள், கொஞ்ச நாளில் புருஷனிடம் சொல்லாததையெல்லாம் மாட்டிடம் சொல்லுகிற அளவுக்கு வந்துவிட்டது. ஆஸ்பத்திரிக் கட்டடத்தை நர்ஸ் அம்மா கூப்பிட்டுக்கொண்டார். பேங்குக் கட்டடத்தை ஒருத்தரும் கூப்பிடவில்லை, அது நின்று பார்த்துவிட்டுப் பக்கத்து ஊருக்குப் போயிற்று. சுவருக்குள் வைத்துக் காக்க ஒன்றும் இல்லாததால் சுற்றுச்சுவரும் ஊர்ந்து வந்து எங்கள் ஏரிக்கரையில் படுத்துக்கொண்டது. இரும்புக் கேட்டை ஆட்டுப்பட்டிக்கு மாட்டினோம். புருஷனை இழந்த தைலம்மைக்கு வந்து வாய்த்தது பாஸ் ஆபீஸ். அதில் அவள் கோழி அடைத்தாள்.

வீடுகள் எழுந்து வந்த இடத்தில் எங்கள் மண் அப்படியே இருந்தது. இத்தனை காலம் தரைக்கு அடியில் கிடந்தும் வரப்புகூடக் கலையவில்லை, இது உன்னது, இது என்னது என்று எங்களுக்கு அடையாளம் சொல்லிக்கொள்ள சர்வேயர் தேவைப்படவில்லை. கம்பெனி விவகாரம் கோர்ட்டில் இருப்பதால் யாரும் வரமாட்டார்கள், வந்தால் அப்போது பார்த்துக்கொள்ளலாம் என்று ஏர் கட்டினோம். தைலம்மையும் தன் கொல்லையில் மல்லாக்கொட்டை, அதாவது நிலக்கடலை, விதைத்தாள். மழை ஏமாற்றாமல் பெய்து செடி நன்றாகக் கிளம்பி, பூத்து, விழுது மண்ணில் இறங்குகிற பருவம் வந்தபோது மழை நின்றுவிட்டது. அந்த நேரத்தில் தண்ணீர் இல்லாவிட்டால் மேலே பச்சையாக இருக்கும், பிடுங்கினால் காய் இருக்காது.

தண்ணீர் அவள் கொல்லையிலேயே இருந்தது. அவள் மாமனார் வெட்டிய கிணறு, இந்த வட்டாரத்தில் சுண்ணாம்பு கலக்காமல் இனிக்கிற ஒரே ஊற்று. ஆனால் அந்தக் கிணற்றில் குழாய் இறக்கி, மேலே பலகைக்கல் போட்டு மூடி, அதன் மேல்தான் கம்பெனியின் கெஸ்ட் ஹவுஸைக் கட்டியிருந்தார்கள், பெரிய மனிதர்கள் வந்தால் நல்ல தண்ணீர் குடிக்க வேண்டும் என்று. காலனி முழுக்க எழுந்து போன பிறகும் கெஸ்ட் ஹவுஸ் மட்டும் அசையவில்லை. உள்ளே ஒரு ஆள் இருந்தார். ஆள் இருக்கிற வீடு நடக்காது.

அவர் பெயர் கோதண்டபாணி. காலனியைக் கட்டிய என்ஜினியர். ரிட்டயராகிச் சென்னைக்குப் போனவர், மனைவி இறந்து, மகன் கடல் தாண்டிப் போய், அடுக்குமாடி வீட்டில் எதிர்க் கதவுக்காரனுக்குக்கூடத் தன் பெயர் தெரியாது என்றான பிறகு, கம்பெனி மூடுகிற சமயத்தில் பழைய சாவி ஒன்றை எடுத்துக்கொண்டு திரும்பி வந்து கெஸ்ட் ஹவுஸில் உட்கார்ந்துவிட்டார். ஒருநாள் கால் வீசி நடக்கலாம் என்று புளியமரம் வரைக்கும் போனவர், முதுகுக்குப் பின்னால் கட்டடம் எழுந்திருப்பதைப் பார்த்துவிட்டு அலறியடித்துக்கொண்டு ஓடிப்போய் உள்ளே உட்கார்ந்தார். அதிலிருந்து படியை விட்டு இறங்குவதே இல்லை. பால்காரர் அரிசி பருப்பைப் படியில் வைத்துவிட்டுப் போவார்.

தைலம்மைக்கு அவரை முன்பே தெரியும். ஊர்க் கிணறெல்லாம் வறண்டுபோன ஒரு கோடையில் அவள் புருஷன் பிச்சைப்பிள்ளை குடத்தைத் தூக்கிக்கொண்டு காலனி கேட்டுக்குப் போனார். “எங்கப்பா வெட்டுன கெணறுங்க. ஒரு கொடம் போதும்” என்றார். கேட்டுக்கு எதிரே கெஸ்ட் ஹவுஸ் போர்டிகோவில் நின்ற கோதண்டபாணி, “பாஸ் இருக்கா?” என்று கேட்டுவிட்டு உள்ளே போய்விட்டார். திரும்ப வந்து ஏதாவது சொல்வார் என்று பிச்சைப்பிள்ளை வெயில் சாய்கிற வரைக்கும் நின்றார். காலிக் குடத்தோடு வீட்டுக்கு வந்தவர், அதற்குப் பிறகு சாகிற வரைக்கும் அந்தப் பாதையில் நடக்கவே இல்லை. அவர் செத்து இரண்டு வருஷமாகிறது. அந்த மனுஷனுக்காக ஊரே கோபப்பட்டிருக்க வேண்டும், நாங்கள் அன்றைக்கு எங்கள் எங்கள் குடத்தைப் பற்றித்தான் கவலைப்பட்டோம்.

இளவரசு போய்ப் பேசிப் பார்த்தார், கோதண்டபாணி கதவைத் திறக்கவில்லை. போலீஸில் சொன்னால் கோர்ட்டு என்றார்கள். நாலு பேர் போய் அவரைத் தூக்கிக்கொண்டு வந்துவிடலாம் என்று சிலர் துள்ளினார்கள்.

“தூக்கிட்டு வந்தா எறக்கி எங்க வப்பீங்க?” என்றாள் தைலம்மை. “எறக்குன ஒடனே அவரு திரும்பி ஓடிருவாரு. நான் போயிப் பாக்குறேன்.”

“போறதுதான் போற, வாயப் பத்திரமா வச்சுக்க” என்றாள் சௌந்தரவல்லி. “கூப்புட்டா நீதான் வச்சுக்கணும். அது பத்து ரூமு கட்டடம்.”

“அவரப் போயி நான் கூப்புடுவனா? மண்ண வாரித் தூத்திட்டு வர்றேன் பாரு.”

தைலம்மை புருஷனின் குடத்தையும் கிணற்றுக் கயிற்றையும் சொம்பையும் எடுத்துக்கொண்டு கிளம்பினாள். உச்சி வெயில். பின்னால் நாங்கள் ஒரு பத்திருபது பேர் புளியமரம் வரைக்கும் போய் நின்றுகொண்டோம். கொல்லையில் செடிகள் இலை சுருட்டிக் கிடந்தன, அவற்றைப் பார்த்துக்கொண்டே நடந்தவள் சட்டென்று ஒரு இடத்தில் நின்றாள். அங்கே கேட்டு இல்லை, சுவர் இல்லை, வெறும் மண்தான். ஆனால் கேட்டு இருந்த இடம் அது, அவள் கால் தானாக அங்கே நின்றுவிட்டது.

போர்டிகோவில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்த கோதண்டபாணி தலையைத் தூக்கிப் பார்த்தார். “யாரும்மா அது? பாஸ் இருக்கா?” என்றார். கேட்ட பிறகுதான் தான் என்ன கேட்டோம் என்பது அவர் காதிலேயே விழுந்திருக்க வேண்டும். முகம் ஒருமாதிரி ஆகிவிட்டது.

“பாஸ் ஆபீசு எங்கூட்டுப் பக்கத்துலதாங்க இருக்குது. கோழி அடைச்சிருக்கேன்” என்றாள் தைலம்மை. “நான் பிச்சைப்பிள்ளை சம்சாரம்.”

“எந்தப் பிச்சைப்பிள்ளை?”

அவருக்கு ஞாபகமே இல்லை. வருஷக்கணக்காக அவள் வீட்டில் சோறு தொண்டையில் இறங்காமல் பண்ணிய அந்த மத்தியானம், இந்த மனுஷனுக்கு ஞாபகத்தில்கூட இல்லை. திட்டியிருந்தால்கூடத் தைலம்மைக்கு அப்படி வலித்திருக்காது.

“ஒரு கொடம் தண்ணி கேட்டு வந்து இந்த எடத்துலதான் நின்னாரு. இதே கொடம்.”

“நெறைய பேர் வந்து கேட்டிருக்காங்கம்மா” என்றார் அவர். குடத்தைப் பார்த்தார். பிறகு எழுந்து நின்று, “வெயில்ல நிக்காதீங்க. உள்ள வாங்க” என்றார்.

புளியமரத்தடியில் நின்ற எங்களுக்கும் அது கேட்டது. அந்த ஒரு வார்த்தைக்குத்தான் பிச்சைப்பிள்ளை அன்றைக்கு வெயில் சாய்கிற வரைக்கும் நின்றார். தைலம்மையின் வலது கால் மண்ணை விட்டுக் கிளம்பியதையும், பிறகு அதே இடத்தில் இறங்கியதையும் நாங்கள் பார்த்தோம்.

“நான் உள்ள வந்தா ரெண்டு ஆளாயிருங்க. அப்புறம் இந்த வீடு எந்தக் காலத்துலயும் நவுராது. எனக்குக் கெணறு வேணும். செடி காயுது. நீங்கதான் வெளிய வரணும்.”

“வரலாம்மா” என்றார் கோதண்டபாணி. “வந்துட்டு எங்க போறது?”

அவர் வம்புக்குக் கேட்கவில்லை. தெரியாமல்தான் கேட்டார். வழி நெடுகத் தைலம்மை நெஞ்சுக்குள் சேர்த்துக்கொண்டு வந்த ஏச்சு பேச்சு அத்தனையிலும் இந்தக் கேள்விக்கு ஒரு பதில் இல்லை. சுருண்டு கிடந்த செடியைப் பார்த்தாள், குடத்தைப் பார்த்தாள், எங்களைப் பார்த்தாள். எங்களில் ஒருத்தராவது வாயைத் திறந்திருக்கலாம், திறக்கவில்லை, கூப்பிட்டால் வைத்துக்கொள்ள வேண்டுமே. கடைசியில் அவளே சொன்னாள்.

“எங்கூட்டுக்கு வாங்க.”

சொன்னதும் அவளுக்கு அழுகை வந்தது. இரக்கத்தில் இல்லை, ஆத்திரத்தில் வந்த அழுகை அது. முந்தானையில் முகத்தை அழுத்தித் துடைத்துக்கொண்டு, “வெரசா வாங்க” என்று இன்னொரு தடவை சத்தமாகச் சொன்னாள்.

கோதண்டபாணி உள்ளே போய் ஒரு பையோடு வந்தார், பழக்க தோஷத்தில் கதவைப் பூட்டினார், சாவியைச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டு ஒவ்வொரு படியாக இறங்கினார். அவர் மண்ணில் கால் வைத்ததும், வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு எழுந்திருக்கிற ஆள் மாதிரிக் கெஸ்ட் ஹவுஸ் எழுந்தது, பலகைக்கல்லும் தரையோடு பெயர்ந்து கூடவே வந்தது. சாப்பாட்டு மேசை இருந்த இடத்துக்கு நேர் கீழே கிணறு திறந்துகொண்டது. சுரங்கப் பம்புகள் நின்றுபோன இத்தனை காலத்தில் ஊற்று ஏறி, கை நீட்டினால் எட்டுகிற உயரத்தில் தண்ணீர் நின்றது. தைலம்மை கொண்டுவந்த கயிற்றுக்கு வேலையே இல்லை.

அவள் குடத்தை முக்கி எடுத்தாள். முதல் சொம்பைக் கோதண்டபாணியிடம் நீட்டினாள், வீட்டுக்கு வருகிறவருக்கு முதலில் தண்ணீர் கொடுக்க வேண்டும், அதில் ஒன்றும் செய்வதற்கில்லை. அவர் நின்றபடியே வாங்கி, ஒரு சொட்டு சிந்தாமல் குடித்தார். இரண்டாவது சொம்பை அவள் குடிக்கவில்லை. எடுத்துக்கொண்டு கேட்டு இருந்த இடத்துக்குப் போய், பிச்சைப்பிள்ளை நின்ற மண்ணில் மெதுவாக ஊற்றினாள். மண் சர்ரென்று இழுத்துக்கொண்டது. செடி காய்கிறது என்பது அப்போதுதான் எங்களுக்கு உறைத்தது, ஓடிப்போய் டீசல் என்ஜினைக் கொண்டுவந்து இறக்கினோம், பொழுது சாய்வதற்குள் மல்லாக்கொட்டைப் பாத்தி முழுக்கத் தண்ணீர் பாய்ந்தது.

கோதண்டபாணிக்குத் தைலம்மை பாஸ் ஆபீஸைக் கழுவிவிட்டுக் கட்டில் போட்டுக் கொடுத்தாள். கோழிகளுக்கு அது பிடிக்கவில்லை, அவர் கட்டிலுக்கு அடியிலேயே வந்து முட்டையிட்டன. அவரும் சும்மா இருக்கவில்லை, மடை மாற்றினார், என்ஜினுக்கு எண்ணெய் ஊற்றினார், ஒரே தப்பை மூன்று தடவை செய்து சௌந்தரவல்லியிடம் ஏச்சு வாங்கினார். யார் குடத்தோடு வந்தாலும் தைலம்மை தண்ணீர் கொடுத்தாள். காய் திரட்சியாக விழுந்தது.

கெஸ்ட் ஹவுஸ் அன்றைக்கு அவர் பின்னாலேயே வந்து, எல்லைக்கல்லுக்கு அந்தப் பக்கம் நின்றுவிட்டது. தைலம்மை கூப்பிட்டது அவரைத்தான், அதை யாரும் கூப்பிடவில்லை. பத்து அறையும் பூட்டிக் கிடக்க, ஊரைப் பார்த்தபடி வெயிலிலும் மழையிலும் அது அங்கேயே நின்றது, போர்டிகோவில் கொஞ்சம் கொஞ்சமாகக் காரை உதிர்ந்தது. மல்லாக்கொட்டை பிடுங்கி முடித்து, வாசலில் உட்கார்ந்து கொடியிலிருந்து காய் ஆய்ந்துகொண்டிருந்த ஒரு மத்தியானம், கோதண்டபாணி அதையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டுக் கேட்டார்.

“அதையும் ஒரு வார்த்தை கூப்பிட்டா என்னம்மா? பாவம், வெயில்ல நிக்குது.”

“கூப்புடலாம்” என்றாள் தைலம்மை. கையில் இருந்த கொடியை ஆய்ந்து முடித்து, காயைக் கூடையில் போட்டு, அடுத்த கொடியை எடுத்தாள்.

“கொஞ்சம் நிக்கட்டும்.”